சக்கரத்துக்கு ஒரு மூக்குத்தி

டம்ளர் தானாகத்தான் நடந்து வந்ததாம். யாரும் தள்ளவில்லையாம்.

மாமி அப்படித்தான் சொன்னாள். காலை பத்து மணி இருக்கும். யாருக்கோ கேழ்வரகு அரைத்துக்கொண்டிருந்தேன். மில்லின் படியைத் தாண்டி ஒரு நாளும் உள்ளே வராத பக்கத்து வீட்டு மாமி, அன்றைக்கு மாவுத் தூசிக்கு நடுவில் வந்து நின்றாள். கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர். அதன் வாய் நசுங்கியிருந்தது.

மோட்டாரை அணைத்தேன்.

“பாரு தனம். அலமாரியில ஓரத்துல கூட வெக்கல, நட்ட நடுவுல வெச்சிருந்தேன். நான் பார்த்துண்டே இருக்கேன், அது பாட்டுக்கு நகந்து நகந்து வந்து தொப்புனு விழறது. அதுக்குக் கால் மொளைச்சிருக்கா?”

“காலி டம்ளரா மாமி? காபி ஊத்தி வச்சிருந்தா உக்காந்த எடத்துல உக்காந்துகினு இருந்திருக்கும்.”

மாமி சிரிக்கவில்லை. “அந்த அலமாரிக்குக் கீழதான் ராஜி படுத்துண்டிருந்தா. அவ தலைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது.”

ராஜி மாமியின் ஒரே பெண். ஏழு மாசம். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். 

“ஹவுஸ் ஓனர்ட்ட சொல்லிட்டேன்,” என்றாள் மாமி, என் முகத்தைப் பார்க்காமல். “வெள்ளிக்கிழமை வரார். அதுக்குள்ள இந்த ஆட்டம் நிக்கணும். இல்லேன்னா மில்லைக் காலி பண்ணச் சொல்லிடுவேன்னுட்டார்.”

அன்றைக்குத் திங்கட்கிழமை.

ஒரே சுவர்

இந்தத் தொடரை இன்றைக்குத்தான் முதன்முதலாகப் புரட்டுகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. மற்றவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய் ஒரு வாய் காபி குடித்துவிட்டு வரலாம்.

மந்தைவெளியில் ஒரு சந்து. அதில் ஒரு பழைய வீடு. நடுவில் ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் மாமி குடியிருந்தாள். இந்தப் பக்கம் என்னுடைய மாவு மில். என்னுடையது என்று இப்போது சொல்கிறேன். எங்கள் வீட்டுக்காரர் வைத்தது. அவர் போன பிறகு நான் பெல்ட் மாட்டக் கற்றுக்கொண்டு ஓட்டினேன்.

மாமிக்கும் எனக்கும் சண்டை கிடையாது. சிநேகிதமும் கிடையாது. வாரத்தில் இரண்டு நாள் காலையில், மெஷினில் வேறு யார் தானியமும் விழுவதற்கு முன்னால், அவள் அரிசி விழ வேண்டும். குளித்துவிட்டு மடியாக, யார் மேலும் படாமல் வருவாள். தூக்கைப் படியில் வைத்துவிட்டு நாலடி தள்ளி நிற்பாள். நான் எடுத்து அரைத்து, மறுபடியும் படியில் வைப்பேன். நான் கையை எடுத்த பிறகுதான் அவள் கை வரும். இத்தனை வருஷத்தில் அவள் விரல் என் மேல் பட்டதில்லை.

“மாமி, மாவை நான்தான் தொட்டேன், மெஷின்ல நான்தான் கொட்டினேன். அது பரவால்லியா?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“அது மாவு. மாவுக்கு ஒண்ணும் தோஷம் இல்ல,” என்றாள். சட்டம் யார் எழுதியதோ, ஓட்டை எல்லாம் சௌகரியமான இடத்தில்தான் விட்டிருந்தார்கள்.

மெஷின் ஆட ஆரம்பித்து நாலு வருஷம் ஆகியிருந்தது. முதலில் லேசாகத்தான். மோட்டார் மேல் வைத்த தீப்பெட்டி நகரும். பிறகு அடியில் இருக்கிற நட்டு கழன்றது. இறுக்கினால் மூன்றாம் நாள் மறுபடி கழலும். பிறகு சிமெண்டு மேடையில் விரிசல். அப்புறம் சுவர். கடைசியாக மாமியின் டம்ளர்.

நான் முதலில் பழியைப் பறக்கும் ரயில் மேல் போட்டேன். அப்போது எங்கள் பக்கமெல்லாம் அதற்குத் தூண் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“ரயிலுக்குப் பள்ளம் தோண்டுறான் மாமி. அதான் ஊடே ஆடுது.”

“ஞாயித்துக்கிழமை அவாளுக்கு லீவு. உன் மில்லுக்குத்தான் லீவு இல்ல. டம்ளர் விழுந்தது நேத்தி ஞாயித்துக்கிழமை.”

பத்தாவது வரை படித்தவள். அவளிடம் என் மூன்றாம் வகுப்பு எடுபடவில்லை.

புயல் செய்த மனுஷன்

மெஷின் என்றதும் அவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது.

எங்கள் வீட்டுக்காரர் கோடம்பாக்கத்தில் ஒரு சினிமா ஸ்டுடியோவில் காற்றாடி ஆள். படத்தில் புயல் அடிக்கும் இல்லையா, கதாநாயகியின் தலைமுடி பறக்கும், ஜன்னல் படார் படார் என்று அடிக்கும். அந்தப் புயல் இவர்தான். ஆள் உயரத்துக்கு ஒரு விசிறி. அதைத் துடைத்து, எண்ணெய் போட்டு, ஓட்டுவது அவர் வேலை. ஒரு தடவை காற்று கொஞ்சம் அதிகமாகிவிட்டது. கதாநாயகியின் சவுரி பறந்து போய் சாமி வேஷம் போட்டவர் முகத்தில் ஒட்டிக்கொண்டதாம். இதைச் சொல்லும்போதுகூட அவர் சிரிக்க மாட்டார். நான்தான் பாயில் உருண்டு சிரிப்பேன்.

பேச்சே கிடையாது அவருக்கு. வருஷத்துக்கு ஒரு ஜோக்கு சொல்வார். அதுவும் நாலு நாள் கழித்துத்தான் ஜோக்கு என்று தெரியும்.

ஸ்டுடியோவில் தளம் தளமாகப் பூட்டு விழுந்தபோது, கையில் இருந்ததைப் போட்டு ஒரு பழைய மாவு மெஷினை வாங்கினார். மந்தைவெளிக்கு வந்தோம். மில் திறக்கிற வாரம் தி.நகருக்குக் கூட்டிப்போய் எனக்கு ஒத்தைக்கல் மூக்குத்தி வாங்கிக் கொடுத்தார். சிவப்புக் கல். எள்ளு சைஸ். கடைக்காரர் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டினார். எனக்கு அது வைரம்.

மறுநாள் மில்லுக்குப் போனால், மெஷினின் பெரிய சக்கரத்தில், பெல்ட் ஓடுமே அந்தச் சக்கரத்தில், உள்பக்க விளிம்பில் ஒரு இரும்புத் துண்டு. அரசிலை மாதிரி அரத்தால் ராவி, மழமழவென்று தேய்த்து, இரண்டு நட்டு போட்டு முடுக்கியிருந்தார்.

“இன்னா அது?”

“மூக்குத்தி.”

“யாருக்கு?”

“உனக்கு மட்டும் வாங்கிக் குத்தா அது கோச்சிக்கும்ல.”

அந்த வருஷத்து ஜோக்கு அதுதான். நான் நம்பிவிட்டேன். சக்கரத்தை வெள்ளிக்கிழமைதோறும் துடைத்து, அதற்கும் அந்த இலைக்கும் பொட்டு வைப்பேன். ‘அக்கா, இன்னிக்கு நீதான் அழகு’ என்று அதனிடம் சொல்லிவிட்டு வேலையை ஆரம்பிப்பேன்.

ஜோசப்பின் வைத்தியம்

திங்கட்கிழமை மத்தியானமே மெக்கானிக் ஜோசப்பைக் கூப்பிட்டேன். நல்லவன். எந்த மெஷினைப் பார்த்தாலும் ஒரே வியாதிதான் சொல்வான்.

“பேரிங் போச்சு அக்கா.”

“ஏற்கெனவே ரெண்டு தபா மாத்திட்டியேடா.”

“அதான், மூணாவதும் போயிருக்கும்.”

மூன்றாவதையும் மாற்றினான். மெஷினை ஓட்டினோம். சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கலகலவென்றது. ஜோசப்பு தலையைச் சொறிந்தான். “அக்கா, அப்ப பூமிதான் சரியில்ல.”

பூமியை மாற்ற எனக்கு வசதியில்லை. அவனை அனுப்பிவிட்டு மெஷின் மேடையில் உட்கார்ந்தேன். மில் போனால் வேறு இடம் பார்க்கலாம், பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் மேடையைப் பெயர்த்து, மெஷினைத் தனித்தனியாகக் கழற்றி வண்டியில் ஏற்றினால் அது மறுபடி மெஷினாக வந்து சேராது. காயலான் கடைக்குத்தான் போகும். அந்த மனுஷன் பேசாமல் பேசினதெல்லாம் அதில்தான் இருந்தது.

அப்போதுதான் வாசலில் ஒரு குரல். “தனம்மா, உள்ள வரலாமா?”

ராஜி. வயிற்றுக்கு முன்னால் ஒரு கை, இடுப்புக்குப் பின்னால் ஒரு கை.

“வாம்மா. ஆனா மெஷின் பக்கம் வராத, உங்கம்மா என்னை அரைச்சிடுவா.”

“என்னோட வேலையே மெஷின் பக்கம் போறதுதான்,” என்றாள்.

அவள் இஞ்சினியர் என்று தெரியும். என்ன இஞ்சினியர் என்று தெரியாது. பாலம் கட்டுவாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லையாம். ஒரு பெரிய தொழிற்சாலையில் மெஷின்கள் எப்படி ஆடுகின்றன என்று அளப்பாளாம். அளந்து பார்த்து, எங்கே என்ன கோளாறு என்று பிரிக்காமலே சொல்வாளாம்.

“ஆடுறத அளக்கிறதுக்கு சம்பளமா? எங்க சந்துல சாயங்காலம் ஆனா நாலு பேர் ஆடிக்கினு வரான். அளந்துட்டுப் போயேன்.”

கலகலவென்று சிரித்தாள். அவள் அம்மாவுக்கு எங்கிருந்து இப்படி ஒரு பெண் வந்தது என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

“எங்க ஆபீஸ்லேருந்து பெட்டியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கேன். புதன்கிழமை வந்துடும். அதுவரைக்கும் அரைக்காதீங்கோ.”

ஊசி ஆடும் பெட்டி

புதன்கிழமை இரண்டு பெட்டி வந்தது. ஒன்றில் முகத்தில் ஊசி வைத்த மீட்டர், அதிலிருந்து ஒரு வயர், வயர் நுனியில் கட்டை விரல் அளவுக்குக் காந்தம் வைத்த ஒரு துண்டு. இன்னொன்றில் பெரிய டார்ச் மாதிரி ஒரு விளக்கு.

ராஜி வந்தாள். பின்னாலேயே மாமி வந்தாள். படியில் நின்றபடியே.

“ஏழு மாசத்துல என்னடி இரும்பும் எண்ணெயும்? தூரமா உக்காந்துண்டு சொல்லு, அவ செய்யட்டும்.”

“அம்மா, டம்ளர் விழாம இருக்கணுமா, வேண்டாமா?”

நான் ஒரு முக்காலி போட்டேன். ராஜி உட்கார்ந்துகொண்டு டாக்டர் மாதிரி கேட்க ஆரம்பித்தாள். ஆட்டம் எப்போது ஆரம்பித்தது? காலையில் அதிகமா, மத்தியானம் அதிகமா? அரைக்கும்போது அதிகமா, சும்மா ஓடும்போது அதிகமா?

“எப்பவும் ஒரே ஆட்டம்தான். அவரு போனப்புறம்தான் ஆரம்பிச்சுது,” என்றேன். “துக்கம் போல கீது.”

“அந்தச் சமயத்துல மெஷின்ல ஏதாவது மாத்தினேளா?”

“ஒண்ணும் மாத்தல.”

பொய் சொல்லவில்லை. அப்போது எனக்கு அது மாற்றினதாகவே தோன்றவில்லை.

காந்தத்தை மெஷினின் அடியில் ஒட்டிவிட்டு ஓட்டச் சொன்னாள். முழு வேகம் வந்ததும், “இப்ப அணைங்கோ” என்றாள். அணைத்தேன். சக்கரம் மெதுவாக அடங்க அடங்க மீட்டரின் ஊசியும் மெதுவாக இறங்கியது.

“கரண்ட் கோளாறா இருந்தா சுவிட்ச் அணைச்ச உடனே ஆட்டம் டக்குனு நின்னுடும். இது சுத்தறதோட சேர்ந்து அடங்கறது. சுத்தற சாமான்லதான் கோளாறு.”

அடுத்து பெல்ட்டைக் கழற்றச் சொன்னாள். மோட்டார் தனியாக ஓடியது. பூனை மாதிரி சத்தமே இல்லை. ஆக, மோட்டார் மேலும் தப்பில்லை. காந்தத்தைக் கொண்டுபோய் மெஷினின் பேரிங் கூட்டின் மேல் ஒட்டினாள், பெல்ட்டை மறுபடி மாட்டி ஓட்டி, மேலே வைத்து ஒரு தடவை, பக்கத்தில் வைத்து ஒரு தடவை, முன்னால் வைத்து ஒரு தடவை அளந்தாள். ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள்.

“பேரிங்கா?” என்றேன், ஜோசப்பை நினைத்து.

“பேரிங் போனா பொடிப்பொடியா, கிர்ருனு வேற மாதிரி ஆடும். இது பெரிய ஆட்டம். சக்கரம் ஒரு சுத்து சுத்தினா ஒரு ஆட்டம். ஒரு சுத்து, ஒரு ஆட்டம். சக்கரத்துல ஒரு பக்கம் கனம் ஜாஸ்தியா இருக்கு, தனம்மா.”

“அந்தக் காந்தத்த உன் வயித்துல வையேன். உள்ள இருக்கிறவன் எவ்ளோ ஆடுறான்னு பாக்கலாம்.”

“வெக்காதே!” என்று படியிலிருந்து மாமி கத்தினாள்.

ஓடிக்கொண்டே நின்றது

அதற்குப் பிறகு நடந்ததை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன். பாதிப் பேர் நம்பவில்லை.

சக்கரத்தில் சாக்பீசால் ஒரு கோடு போட்டாள். ஷட்டரை முக்கால்வாசி இறக்கச் சொன்னாள். பட்டப்பகலில் மில் இருட்டானது. மெஷின் ஓடியது. அந்தப் பெரிய டார்ச்சைச் சக்கரத்துக்கு நேராகப் பிடித்து ஒரு திருகைத் திருகினாள். விளக்கு படபடவென்று விட்டு விட்டு எரிந்தது. திருகத் திருக, சக்கரம் மெதுவாயிற்று. இன்னும் மெதுவாயிற்று. நின்றுவிட்டது.

பெல்ட் ஓடுகிறது. சத்தம் கேட்கிறது. காற்று முகத்தில் அடிக்கிறது. சக்கரம் மட்டும் அசையாமல் நிற்கிறது. அதில் இருக்கிற துருவும், சாக்பீஸ் கோடும், நான் வைத்த பழைய பொட்டுத் தடமும் தெளிவாகத் தெரிகின்றன. நாலு வருஷமாக ஓடும்போது அதன் முகத்தை நான் பார்த்ததே இல்லை.

தொட்டுப் பார்க்கக் கையை நீட்டிவிட்டேன்.

“தனம்மா!” என்று ராஜி என் கையைத் தட்டிவிட்டாள். “நிக்கல. ஓடிண்டுதான் இருக்கு. வெளிச்சம்தான் அப்படிக் காட்டறது.”

மாமி எப்போது உள்ளே வந்தாள் என்று தெரியாது. என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, “ராம ராமா” என்றாள்.

பிறகு ராஜி கனம் தெரிந்த ஒரு சின்னக் கவ்வியைச் சக்கரத்தின் விளிம்பில் முடுக்கி, மறுபடி ஓட்டி, மறுபடி அந்த விளக்கால் பார்த்தாள். கோடு வேறு இடத்தில் நின்றது. அதையும் எழுதினாள். முக்காலியில் உட்கார்ந்து, மடியில் நோட்டை வைக்க இடம் இல்லாததால் வயிற்றின் மேலேயே வைத்துக்கொண்டு, ஒரு வட்டம் போட்டு, அதில் அம்பு அம்பாக வரைந்தாள்.

“கோலமா?”

“அப்படியே வெச்சுக்கோங்கோ. எந்த இடத்துல எவ்வளவு கனம் சேர்த்தா ரெண்டு பக்கமும் சமம் ஆகும்னு இது சொல்லும்.”

பென்சிலைக் கடித்தாள். அழித்தாள். மறுபடி போட்டாள். பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.

“எண்பத்து நாலு கிராம்,” என்றாள். எழுந்து வந்து, நின்றிருந்த சக்கரத்தில் சாக்பீஸ் கோட்டிலிருந்து அளந்துகொண்டே போய் ஓரிடத்தில் விரலை வைத்தாள். “இங்க.”

வைத்தவள் விரலை எடுக்கவில்லை. குனிந்து பார்த்தாள். தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவிக் குத்தினாள். மாவு உதிர்ந்தது. உள்ளே ஓட்டை. அதற்குப் பக்கத்தில் குத்தினாள். இன்னொரு ஓட்டை.

“தனம்மா, இங்க ஏதோ இருந்திருக்கு. யாரோ கழட்டியிருக்கா.”

நான்தான்

கழற்றியது நான்தான்.

அவருக்குக் காரியம் நடந்த அன்று சொந்தக்காரப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து எனக்குக் கழற்ற வேண்டியதையெல்லாம் கழற்றினார்கள். தாலி, வளையல், கடைசியில் மூக்குத்தி. அதன் திருகு சுலபமாக வரவில்லை. ஒருத்தி எண்ணெய் போட்டுத் திருகினாள். நான் அழவில்லை. தும்மல் வந்தது. அதற்கும் யாரோ ஒருத்தி, பாவம், அழுகிறாள் என்றாள்.

மறுநாள் மில்லைத் திறந்தேன். ஷட்டரைத் தூக்கினதும் வெயில் நேராகச் சக்கரத்தில் விழுந்தது. அந்த இரும்பு இலை பளபளவென்று மின்னியது. எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ.

“நான் மூளி மூக்கோட நிக்கிறேன், உனக்கு இன்னாடி மினுக்கு? அவரு உனக்கும்தானே வாங்கிக் குத்தாரு?” என்று ஸ்பேனரை எடுத்தேன். இரண்டு நட்டையும் கழற்றினேன்.

கழற்றின இலையைக் கையில் எடுத்தேன். அதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. மில்லிலேயே மாடத்தில் அவர் போட்டோவுக்கு முன்னால் வைத்தேன். என்னுடைய மூக்குத்தியும் அங்கேதான், ஒரு மிளகு டப்பாவில் இருந்தது. வெள்ளிக்கிழமை போட்டோவுக்கு வைத்த கையோடு அந்த இலைக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தேன்.

 மாடத்திலிருந்து அந்த இலையை எடுத்துவந்து ராஜி கையில் கொடுத்தேன்.

அவள் அதை ஓட்டைக்கு நேராக வைத்துப் பார்த்தாள். அச்சாகப் பொருந்தியது. ராஜி என்னைப் பார்த்தாள். நான் மாமியைப் பார்த்தேன். மாமி சுவரைப் பார்த்தாள்.

“மூக்குத்தின்னாரும்மா,” என்றேன். “அந்த ஆளு விளையாட்டுக்குச் சொன்னாரா, நிஜமா சொன்னாரான்னு எனக்கு எப்பவுமே தெரியாது.”

“எந்த மீட்டரும் இல்லாம எப்படிக் கண்டுபிடிச்சார்?” என்றாள் ராஜி.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. மில் திறப்பதற்கு முன்னால் மூன்று நாள் மத்தியானம், அவர் சந்தில் இரண்டு இரும்புச் சட்டங்களை ரசமட்டம் வைத்துச் சமமாகப் போட்டு, அதன் மேல் அச்சோடு சக்கரத்தை வைத்து, லேசாகத் தள்ளிவிட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார். அது உருண்டு போய், தயங்கி, கொஞ்சம் திரும்பி வந்து நிற்கும். மறுபடி தள்ளுவார். எதிர்ப்பக்கம் கொஞ்சம் மெழுகு ஒட்டுவார். மறுபடி தள்ளுவார். வேலையற்ற வேலை என்று நினைத்தேன். “இன்னா, அதுக்குத் தாலாட்டா?” என்று கேலி செய்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

சொன்னேன். ராஜி கேட்டுக்கொண்டே இருந்தாள். “எங்க நிறுத்தினாலும் அங்கேயே நிக்கற வரைக்கும் செஞ்சிருக்கார்,” என்றாள் மெதுவாக.

பத்தர் தராசு

மறுநாள் காலை. எண்பத்து நாலு கிராம் சரியா என்று நிறுத்துப் பார்க்க வேண்டும் என்றாள் ராஜி. மளிகைக்கடைத் தராசு அவளுக்கு லாயக்கில்லையாம். தெருமுனையில் நகை வேலை செய்கிற பத்தர் இருந்தார், கண்ணாடிப் பெட்டிக்குள் தராசு வைத்திருப்பவர்.

“இரும்பையா?” என்று அவர் இரண்டு விரலால் பிடித்தார். “தங்கத்துக்கு வாங்கின தராசு அம்மா இது.”

“எங்க ஊட்ல இதான் தங்கம். நிறுய்யா.”

தொண்ணூறு கிராம்.

ராஜி முகம் சுருங்கியது. நோட்டைப் புரட்டினாள். ஆறு கிராம் அவள் படிப்பில் பெரிய வித்தியாசம் போலிருக்கிறது. அப்புறம் அந்த இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இலையே தெரியாத அளவுக்குச் சந்தனமும் குங்குமமும் கெட்டியாகப் படிந்திருந்தன.

“தனம்மா... இதைக் கழுவணும்.”

எத்தனை வெள்ளிக்கிழமை! பத்தர் கடை வாசல் குழாயடியில் உட்கார்ந்து நகத்தால் சுரண்டிச் சுரண்டிக் கழுவினேன். சிவப்பாகத் தண்ணீர் ஓடியது. அடியில் அவர் அரம் போட்ட கோடுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. புடவையில் துடைத்துக் கொண்டுபோய் வைத்தேன்.

எண்பத்தைந்து.

“ஒரு கிராம் கூட கீதே?” என்றேன், பயந்துகொண்டே.

ராஜி நோட்டை மூடினாள். “அந்த ஒரு கிராம் என் கணக்குல தப்பு, தனம்மா. அவர் கணக்குல இல்ல.”

பத்தர் எதற்கு நான் கண்ணைத் துடைக்கிறேன் என்று புரியாமல், “தூசி போல” என்றார். நல்ல மனுஷன்.

மில்லுக்கு வந்து நானே முடுக்கினேன். அதே இரண்டு ஓட்டை. சிமெண்டு மேடையில் தளர்ந்த நட்டுகளை ஜோசப்பு வந்து இறுக்கினான். மோட்டாரைப் போட்டேன். ஊசி முதலில் நின்ற இடத்துக்குப் பாதிகூடப் போகவில்லை, அடியில் படுத்துக்கொண்டது. ராஜி “ஹப்பா” என்று முக்காலியில் உட்கார்ந்தாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. ரொம்ப நேரம் கழித்து மாமியின் குரல் மட்டும் கேட்டது. “ஓட்டிண்டிருக்கியா, இல்லையா?”

கோணல்

அன்று சாயங்காலம் மிளகு டப்பாவைத் திறந்தேன்.

சக்கரத்துக்கு அதைக் கழற்றினவள் நான். அது பாட்டுக்கு நாலு வருஷம் ஆடி, நட்டைக் கழற்றி, சுவரை விரிசல் விட வைத்து, என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. எனக்குத்தான் காது கேட்கவில்லை. இப்போது அது போட்டுக்கொண்டுவிட்டது. நான் மட்டும் எதற்கு?

கண்ணாடி முன் ஒரு வேப்பங்குச்சியைச் சீவி மூக்கில் குத்திப் பார்த்தேன். துவாரம் பாதி தூர்ந்திருந்தது. கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் கண்ணீர், இரண்டு கெட்ட வார்த்தை. மூக்குத்தி உள்ளே போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலையிலேயே ஹவுஸ் ஓனர் வந்தார். எனக்கு அவரைப் பற்றிக் கவலை இல்லை. மாமியைப் பற்றித்தான் கவலை. விடியும் முன்னே கோலம் போட்டு, எந்த நாளில் எதைச் செய்யலாம், யார் எதைப் போடக்கூடாது என்று பஞ்சாங்கம் மாதிரி வைத்திருப்பவள். மூக்கில் கல் மின்ன, தாலியில்லாத கழுத்தோடு அவள் முன்னால் போய் நிற்க வேண்டும்.

தானியம் எதுவும் போடாமல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஓனர் சுவரில் கை வைத்துப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்குப் போனார். மாமி அலமாரியில் அந்த நசுங்கின டம்ளரையே வைத்து, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றியிருந்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

“ஆடறதுன்னு நீங்கதானே மாமி சொன்னீங்க?” என்றார் ஓனர்.

“யாரு, நானா? உங்களுக்கு வேற யாரோ சொல்லியிருப்பா,” என்றாள் மாமி. மடியோடு சொன்ன முதல் பொய்யாக இருக்கும்.

அவர் போன பிறகு மாமி என் படிக்கு வந்தாள். கையில் அரிசித் தூக்கு. குளித்த ஈரம் இன்னும் முடியில் இருந்தது. படியில் தூக்கை வைத்தாள். நிமிர்ந்தாள். என் மூக்கைப் பார்த்தாள்.

நான் ஏதாவது ஜோக்கு சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. என் வாழ்க்கையிலேயே அப்படி ஒன்றும் வராமல் போனது அந்த ஒரு நாள்தான்.

மாமி ஒரு படி ஏறினாள். இன்னொரு படி ஏறினாள்.

“கோணலா இருக்கு,” என்றாள்.

கையை நீட்டி, இரண்டு விரலால் கல்லைப் பிடித்து, லேசாகத் திருகி நேராக்கினாள். தலையைச் சாய்த்து ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். “ம். இப்ப சரி.” தூக்கைக் காட்டி, “நைஸா அரை” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மடியாக வந்தவள் என்னைத் தொட்டுவிட்டாள். வீட்டுக்குப் போய் மறுபடி குளிக்க வேண்டும். அதுதான் அவள் சட்டம்.

மோட்டாரை அணைத்தேன். சக்கரம் சத்தமில்லாமல் அடங்கியது. நடுச்சுவரில் காதை வைத்துக் கேட்டேன். மெஷின் நின்றிருந்தால் அந்த வீட்டில் வாளி நகர்ந்தால்கூட எனக்குக் கேட்கும்.

ரொம்ப நேரம் நின்றேன். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் வரவில்லை.